உக்கிராணத்தின் சாவி: கொடுத்தல் பற்றிய நம் அருளுரைகள் குறித்து ஒரு திறனாய்வு

முன்னுரை

ஆண்டுதோறும் நம் திருச்சபைகளில் தவறாமல் நிகழும் அருளுரைகளுள் உக்கிராணத்துவம் பற்றிய அருளுரையும் ஒன்று. அறுப்பின் பண்டிகையை ஒட்டியோ, கணக்கு ஆண்டு முடியும் தறுவாயிலோ, ஆலயக் கட்டட நிதி தொடங்கும் வேளையிலோ அது நம் பிரசங்க பீடங்களிலிருந்து ஒலிக்கிறது. அதற்கென எடுத்தாளப்படும் திருமறைப் பகுதிகளும் பெரும்பாலும் மாறுவதில்லை. மல்கியா மூன்றாம் அதிகாரத்தின் பண்டசாலை, மாற்கு பன்னிரண்டாம் அதிகாரத்தின் ஏழை விதவை, இரண்டு கொரிந்தியர் ஒன்பதாம் அதிகாரத்தில் பவுல் பேசும் உற்சாகக் கொடை ஆகிய மூன்றையும் சுற்றியே அது அமைகிறது. கேட்போர் கொடுக்க வேண்டியவர்கள். உரைப்பவரோ பெற்றுக்கொள்ளும் அமைப்பின் சார்பில் நிற்பவர். இந்த அமைப்பு நமக்கு மிகவும் பழகிவிட்டதால், இதில் ஆராய்வதற்கு ஏதேனும் உண்டோ என்ற எண்ணமே நமக்குள் எழுவதில்லை.

இவ்வருளுரையை ஓர் இலக்கிய வகையாகக் கொண்டு, அதன் சொல்லாட்சியையும் திருமறை விளக்க முறையையும் திறனாய்வு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம். குறிப்பிட்ட எந்தப் போதகரையும் எந்தச் சபையையும் சுட்டி இதனை எழுதவில்லை. நாம் எழுப்பும் கேள்வி ஒன்றே: உக்கிராணக்காரன் என்று திருமறை முதலாவதாக யாரை அழைக்கிறது? கொடுப்பவனையா, கொடுக்கப்பட்டதைக் கையில் வைத்திருப்பவனையா? இக்கேள்விக்கு நாம் தரும் விடையைப் பொறுத்தே, கொடுத்தலைப் பற்றிய நம் போதனை நற்செய்தியாகவோ வெறும் வரிவசூலாகவோ அமையும்.

1. சொல்லும் அதன் பொருளும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பவர் ஐயர் தலைமையில் உருவாகி, இன்றளவும் நம் ஆலயங்களில் வாசிக்கப்படும் தமிழ்த் திருமறை, 'ஒய்கொனொமொஸ்' என்னும் கிரேக்கச் சொல்லை ஒரே சொல்லால் பெயர்க்கவில்லை. லூக்கா 16இல் அவன் உக்கிராணக்காரன். லூக்கா 12:42இல் அவனே விசாரணைக்காரன். கலாத்தியர் 4:2இல் வீட்டு விசாரணைக்காரன். ரோமர் 16:23இல் ஏரஸ்து என்பவர் பட்டணத்து உக்கிராணக்காரர். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் லூக்கா 16இல் 'வீட்டுப் பொறுப்பாளர்' என்னும் சொல்லை ஆள்கிறது. இவற்றுள் நம் அருளுரைகளில் நிலைபெற்றது உக்கிராணக்காரன் என்பதே. 'உக்கிராணத்துவம்' என்ற கருத்துச்சொல்லையும் நாம் அதிலிருந்தே ஆக்கிக்கொண்டோம்.

உக்கிராணம் என்பது யாது? திருமண வீடுகளிலும் மடங்களிலும் கோயில்களிலும் அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி முதலியவற்றைச் சேர்த்துவைத்து, சமையலுக்கு அளந்து தரும் அறையே உக்கிராணம். ஒரு திருமண வீட்டை நினைத்துப் பார்ப்போம். வாயிலில் ஒருவர் அமர்ந்து மொய் எழுதுகிறார். உள்ளே ஒருவர் உக்கிராண அறையின் சாவியை வைத்திருக்கிறார். மொய் கொண்டுவந்தவரிடம் வீட்டார் நன்றி பாராட்டுவர். உக்கிராணத்தைப் பார்ப்பவரிடமோ, கடைசிப் பந்தியில் அமர்ந்தவனுக்கும் சோறு கிடைத்ததா என்று கேட்பர். அவர் எவ்வளவு மொய் எழுதினார் என்று அப்போது எவரும் கேட்பதில்லை. அவர்பால் எதிர்பார்க்கப்படுவது தாராளம் அன்று, உண்மை. ஒன்று கொரிந்தியர் 4:2இல் பவுல் உக்கிராணக்காரனிடம் தேடும் பண்பும் இதுவேயாகும்.

இவ்விடத்தில்தான் நம் அருளுரைகளில் ஒரு குழப்பம் நுழைகிறது. மொய் கொண்டுவருபவரையே நாம் உக்கிராணக்காரர் என்று அழைத்துவிட்டோம். அதனால் சாவி வைத்திருப்பவருக்குப் பெயரே இல்லாமற் போயிற்று. பெயர் இல்லாதவரிடம் கேள்வியும் இல்லை.

காணிக்கை என்னும் சொல்லையும் இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம். பெரியோரையும் தெய்வத்தையும் காணச் செல்வோர் கையில் கொண்டு செல்வது காணிக்கை. அது கீழிருந்து மேலே செல்வது. மேலே சென்றபின் அது என்னவாயிற்று என்று கேட்பது மரபன்று. பவுலின் நிருபங்களில் நம் திருமறை ஆளும் தர்மசகாயம், தர்மப்பணம் ஆகிய சொற்களோ தேவையில் இருப்போரை நோக்கிச் செல்பவை. நம் ஆராதனைமுறையில் காணிக்கை என்ற சொல் நிலைத்துவிட்டது. தர்மசகாயம் என்ற சொல் வழக்கு ஒழிந்தது. சொல்லோடு பொருளும் நழுவிற்றா என்பது நாம் சிந்திக்க வேண்டிய ஒன்று.

2. செஞ்சியின் களஞ்சியங்கள்

உக்கிராணம் என்பதன் பொருளைக் கல்லிலும் காரையிலும் காண விரும்புவோர் செஞ்சிக்குச் செல்லலாம். இராஜகிரியின் அடிவாரத்தில், கல்யாண மகால் நிற்கும் உட்கோட்டையில், தடித்த சுவர்களும் வளைவுக் கூரையும் கொண்ட பெரும் தானியக் களஞ்சியத்தைக் காண்கிறோம். மலையின்மேலும் களஞ்சியங்கள் உள்ளன. 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியரின் இராணுவ அரண்கள் பன்னிரண்டை உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தபோது, அவற்றுள் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரே கோட்டையாகச் செஞ்சி இடம்பெற்றது.

இக்களஞ்சியங்கள் வாணிகத்திற்காகக் கட்டப்பட்டவை அல்ல. முற்றுகைக் காலத்திற்காகக் கட்டப்பட்டவை. 1677இல் சிவாஜி கைப்பற்றிய இக்கோட்டையை, அவர் மகன் இராஜாராம் தங்கியிருந்த காலத்தில் மொகலாயத் தளபதி சுல்பிகார் கான் 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டார். ஒரு கட்டத்தில் மராட்டியப் படைகள் வெளியே வழிமறித்தமையால், முற்றுகையிட்டவர்களே தானியமின்றி வாடினர் என வரலாறு கூறுகிறது. இத்தகைய காலத்தில் ஒரு கோட்டையின் உயிர், களஞ்சியம் எவ்வளவு பெரிது என்பதைமட்டும் பொறுத்ததன்று. உள்ளிருக்கும் தானியத்தை நாள்தோறும் அளந்து, காவல் நிற்கும் கடைசி வீரன்வரை சேர்ப்பிப்பவனின் நேர்மையையும் பொறுத்தது. நிறைந்த களஞ்சியமும் நேர்மையற்ற காவலனும் சேர்ந்தால் கோட்டை உள்ளிருந்தே விழும்.

லூக்கா பன்னிரண்டாம் அதிகாரத்தை இந்தப் பின்னணியில் வாசிக்க வேண்டும். அவ்வதிகாரத்தில் இருவர் தானியத்தைக் கையாளுகின்றனர். ஒருவன் தன் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிடும் ஐசுவரியவான். மற்றவன் எஜமானால் வேலைக்காரர்மேல் வைக்கப்பட்டு, ஏற்ற காலத்தில் அவர்களுக்குப் படி கொடுக்கும் விசாரணைக்காரன். கிரேக்க மூலத்தில் இங்கு வரும் 'சித்தோமெத்ரியொன்' என்ற சொல்லுக்கு 'அளந்து தரப்படும் தானியம்' என்பது பொருள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் 'படி' என்னும் சொல்லைத் தேர்ந்தது மிகப் பொருத்தம். அது அளவையின் பெயர். உழைப்பவனுக்கு உரிய பங்கின் பெயருமாகும். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல் மூட்டைகள் குவியும் காலத்தைக் கண்டவர்களுக்கும், படியாலும் மரக்காலாலும் கூலி அளக்கப்பட்ட காலத்தைக் கேட்டறிந்தவர்களுக்கும் இதன் கூர்மை விளங்கும். அளக்கும் கை சற்றே சாய்ந்தால் ஒரு வீட்டில் உலை வைக்க இயலாது.

ஐசுவரியவானும் விசாரணைக்காரனும் ஒரே அதிகாரத்தில் அடுத்தடுத்து வருவது தற்செயலானதன்று. ஒருவன் தானியத்தைத் தனக்கென்று சேர்க்கிறான். மற்றவன் பிறருக்கென்று அளக்கிறான். நம் அருளுரைகளில் முதலாமவன் செல்வந்தனான சபை உறுப்பினனுக்கு எச்சரிக்கையாகக் காட்டப்படுகிறான். அந்த எச்சரிக்கை தேவையே. ஆனால் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டும் சோதனை, தனி மனிதருக்கு மட்டும் உரியதன்று. வாடகைக் கட்டடங்களும் வைப்புநிதிகளும் பெருகிய ஒரு சபைக்கும் திருமண்டிலத்திற்கும் அச்சோதனை உண்டு என்பதை எந்த அருளுரையும் எடுத்துரைப்பதாகத் தெரியவில்லை.

3. மல்கியாவை நெகேமியாவோடு வாசித்தல்

தசமபாகம் பற்றிய அருளுரைகளின் மையம் மல்கியா 3:10. பண்டசாலைக்குத் தசமபாகத்தை முழுவதும் கொண்டுவரும்படி தீர்க்கர் மக்களை அழைக்கிறார். கொண்டுவராதோர் தேவனை வஞ்சிக்கிறார்கள் என்று கடிந்துகொள்கிறார். இவ்வசனங்களை எடுத்துரைப்பதில் பிழையில்லை. இவற்றைமட்டும் எடுத்துரைப்பதே பிழை.

மல்கியாவின் நூல் தசமபாகத்தோடு தொடங்குவதில்லை. முதலாம் அதிகாரத்தின் ஆறாம் வசனம் தொடங்கி இரண்டாம் அதிகாரத்தின் ஒன்பதாம் வசனம் வரை அவர் கடிந்துகொள்வது ஆசாரியரை. மக்களை நோக்கித் தசமபாகம் கேட்பதற்கு முன், பலிபீடத்தண்டை நிற்போரின் உண்மையின்மையை அவர் வெளிப்படுத்திவிடுகிறார். இன்னும் ஒன்று: தசமபாகம் பற்றிய பகுதிக்கு முன்னதாகவே, 3:5இல், கூலிக்காரரின் கூலியை அபகரிப்போருக்கும், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் பரதேசியையும் ஒடுக்குவோருக்கும் எதிராகக் கர்த்தர் சாட்சியாக வருவார் என்று அவர் அறிவிக்கிறார். கூலியைக் குறைத்துவிட்டு அதில் பத்தில் ஒன்றைப் பண்டசாலைக்குக் கொண்டுவருவது தேவனுக்கு ஏற்புடையதாகாது. இந்த வரிசைமுறை நம் அருளுரைகளில் கலைந்துவிடுகிறது. பத்தாம் வசனம் தனித்து நிற்கிறது.

ஏறத்தாழ அதே காலச் சூழலைக் காட்டும் நெகேமியா 13ஆம் அதிகாரம், பண்டசாலை ஏன் வெறுமையாயிற்று என்பதை விளக்குகிறது. ஆசாரியனாகிய எலியாசிப், தசமபாகத் தானியமும் திராட்சரசமும் எண்ணெயும் வைக்கப்பட்டிருந்த பெரிய அறையைத் தன் உறவினனான தொபியாவுக்குத் தங்குமிடமாகக் கொடுத்துவிட்டான். லேவியருக்கு உரிய பங்கு அவர்களைச் சென்றடையவில்லை. அவர்கள் தத்தம் வயல்களுக்குத் திரும்பிவிட்டனர். நெகேமியா வந்து செய்தவற்றின் வரிசையை ஊன்றி நோக்குக. முதலில் தொபியாவின் தட்டுமுட்டுகளை வெளியே எறிந்து அறையைச் சுத்திகரிக்கிறார். அடுத்து மக்களோடு அன்று, தலைவர்களோடு வழக்காடுகிறார். அதன்பின்பே யூதா மக்கள் அனைவரும் தசமபாகத்தைக் கொண்டுவருகின்றனர். இறுதியாக ஓர் ஆசாரியன், ஒரு வேதபாரகன், ஒரு லேவியன் ஆகிய மூவரையும் அவர்களுக்குத் துணையாக இன்னொருவரையும் பண்டசாலைகளின்மேல் நியமிக்கிறார். அவர்கள் உண்மையுள்ளவர்கள் என்று எண்ணப்பட்டதே அதற்குக் காரணம். தங்கள் சகோதரருக்குப் பங்கிடுவதே அவர்கள் கடமை.

மல்கியாவின் குரல் நம் பீடங்களில் உரக்க ஒலிக்கிறது. நெகேமியாவின் குரலைக் கேட்பது அரிது. 'மக்கள் கொடுப்பதில்லை' என்னும் முறையீடு எழும் சபைகளில், பண்டசாலை அறையில் இப்போது யார் குடியிருக்கிறார் என்று பார்ப்பது திருமறை காட்டும் முறை. அறை சுத்தமானால் மக்கள் உடனே கொண்டுவருவர் என்று நாம் உறுதி கூறவில்லை. ஆயினும், அறையைச் சுத்தம் செய்யாமல் மக்களைக் கடிந்துகொள்ளும் அதிகாரம் நமக்கு அளிக்கப்படவில்லை.

தசமபாகத்தின் பயனைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். உபாகமம் 14:28, 29இன்படி மூன்றாம் வருடத் தசமபாகம், லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் ஊர் வாசல்களிலேயே உண்டு திருப்தியடையும்படி வைக்கப்பட வேண்டும். பத்தில் ஒன்று என்ற அளவை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். பந்தியில் அமர வேண்டியவர்களின் பட்டியலை மறந்துவிட்டோம்.

4. விதவையின் இரு காசு

மாற்கு 12:41-44இல் வரும் ஏழை விதவை, தியாகமாகக் கொடுப்பதற்கு மாறாத எடுத்துக்காட்டாகக் காட்டப்படுகிறாள். அவள் பக்தியைக் குறைத்து மதிப்பிட எவருக்கும் உரிமையில்லை. ஆயினும், அவள் வருவதற்கு முன் இரண்டு வசனங்களில், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கும் வேதபாரகரைப் பற்றி இயேசு எச்சரிக்கிறார். அவள் சென்றபின், பதின்மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தில், அவள் காசு போட்ட அந்த ஆலயத்தின் அழிவை முன்னறிவிக்கிறார். ஆகவே இயேசுவின் சொற்கள் புகழ்ச்சியா, புலம்பலா என்ற கேள்வியை 1982இல் ஆடிசன் ரைட் என்னும் அறிஞர் எழுப்பினார். முழுவதும் புலம்பலே என்ற அவர் முடிவை நாம் அப்படியே ஏற்க வேண்டுவதில்லை. தன் ஜீவனத்துக்கு உரியதையெல்லாம் கொடுத்த அவளை ஆண்டவர் சீடரை அழைத்துச் சுட்டிக்காட்டியதில், அவளைக் குறித்த மதிப்பும் அடங்கியிருக்கிறது. ஆனால் அவளை வைத்து மற்றொரு விதவையின் கடைசிக் காசைக் கேட்பதற்கு இப்பகுதி இடமளிப்பதில்லை என்பது தெளிவு. அவளைப் பற்றிப் பேசும் அருளுரை, அவளுக்கு அடுத்த வேளை உணவு எங்கிருந்து வந்தது என்றும் கேட்டாக வேண்டும்.

5. எருசலேம் நிதியும் ஒப்புரவும்

புதிய ஏற்பாட்டில் கொடுத்தலைப் பற்றிய மிக விரிவான போதனை இரண்டு கொரிந்தியர் எட்டாம், ஒன்பதாம் அதிகாரங்களில் அமைந்துள்ளது. இவை உள்ளூர்ச் சபையின் செலவுகளுக்காக எழுதப்பட்டவை அல்ல. மக்கெதோனியா, அகாயா நாடுகளின் புறவினத்துச் சபைகள் எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காகத் திரட்டிய நிதியைப் பற்றியவை. மக்கெதோனியர் கொடிய தரித்திரத்திலும் உதாரத்துவமாய்க் கொடுத்தனர் என்பதை நம் அருளுரைகள் தவறாமல் குறிப்பிடுகின்றன. அதே பகுதியில் வரும் வேறு இரு கூறுகளை அவை கடந்து சென்றுவிடுகின்றன.

முதலாவது, சமநிலை. ஒருவருக்குச் சகாயமும் மற்றவருக்கு வருத்தமும் உண்டாக்குவது தம் நோக்கமன்று என்று கூறும் பவுல், மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மீதியுமில்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவுமில்லை என்ற மன்னாவின் கணக்கை யாத்திராகமத்திலிருந்து எடுத்துக்காட்டுகிறார். இரண்டாவது, கணக்கின் நேர்மை. இப்பெரும் நிதியைக் கையாளுவதில் ஒருவரும் குற்றம் கூறாதபடி எச்சரிக்கையாயிருக்கிறோம் என்றும், கர்த்தருக்கு முன்பாக மட்டுமன்றி மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானதை நாடுகிறோம் என்றும் அவர் எழுதுகிறார் (8:20, 21). ஆகவே தீத்துவோடு, சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்ட ஒரு சகோதரரையும் அனுப்புகிறார். அப்போஸ்தலனாகிய பவுலே தனியாகச் சாவியை வைத்துக்கொள்ளவில்லை. கொடுத்த சபைகளின் ஆள் உடனிருந்தார். கணக்கைத் தேவனிடம் ஒப்புவித்தால் போதும் என்போர் இவ்வசனங்களை மீண்டும் வாசிப்பார்களாக.

தமிழராகிய நமக்கு இங்கு ஒரு சிறப்பான வாய்ப்பு உண்டு. வள்ளுவர் 'ஈகை' என்னும் அதிகாரத்திற்கு முன்னால் 'ஒப்புரவறிதல்' என்னும் அதிகாரத்தை வைத்தார். ஈகை என்பது இல்லாதவனுக்கு இரங்கிக் கொடுப்பது. ஒப்புரவோ ஊரோடு ஒத்து வாழ்பவன் தன் செல்வத்தை ஊருக்கு உரியதாகக் கருதும் கடப்பாடு. நம் தமிழ்த் திருமறை, கிறிஸ்துவுக்குள் தேவன் உலகத்தைத் தம்மோடு சேர்த்துக்கொண்ட செயலை 2 கொரிந்தியர் 5இல் ஒப்புரவு என்ற சொல்லாலேயே குறிக்கிறது. மூன்று அதிகாரங்களுக்குப் பின் பவுல் பேசும் நிதி, யூதருக்கும் புறவினத்தாருக்கும் இடையே அந்த ஒப்புரவு பணத்தின் வடிவில் தோன்றுவதே. ஆகவே கொடுத்தலின் இறையியல், ஈகை அதிகாரத்தைவிட ஒப்புரவறிதல் அதிகாரத்துக்கே நெருங்கியது எனலாம். பெறுபவனைத் தாழ்த்தி நிறுத்தும் கொடை பவுல் கூறும் கொடை அன்று.

ஆதித் திருச்சபையும் இவ்வாறே கண்டது. ஏறத்தாழ கி.பி. 155இல் யுஸ்தீன் என்னும் இரத்தசாட்சி எழுதிய முதலாம் விண்ணப்பத்தின்படி, ஞாயிறு ஆராதனையில் சேர்ந்த பணம் தலைமை தாங்குபவரிடம் வைக்கப்பட்டது. அவர் அதைக்கொண்டு திக்கற்ற பிள்ளைகள், விதவைகள், நோயுற்றோர், சிறையிலிருப்போர், அந்நியர் ஆகியோரைப் பராமரித்தார். ஆராதனை நடத்துபவர் அங்கே சொல்லின் முழுப் பொருளிலும் உக்கிராணக்காரர்.

6. சாவி கைமாறிய வரலாறு

இனி, செஞ்சி வட்டாரச் சபைகளை நோக்குவோம். 1853இல் அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபை ஆற்காடு மிஷனை முறையாக அமைத்தது. ஸ்கட்டர் குடும்பத்தார் பலர் உழைத்த இம்மிஷன் வட, தென் ஆற்காடு மாவட்டங்களில் பரவியது. திண்டிவனமும் செஞ்சியும் அதன் பணித்தளத்தில் அடங்கியிருந்தன. ஊருக்கு வெளியே சேரிகளில் வாழ்ந்து, பிறர் நிலத்தில் உழைத்து, கூலியை நெல்லாகப் பெற்ற குடும்பங்களே சிற்றூர்ச் சபைகளில் பெரும்பான்மையினர். நாணயம் அவர்கள் கையில் அருகியே புழங்கிற்று. ஆகவே அவர்கள் கொடுத்ததும் பொருளாகவே இருந்தது: உலையில் இடுமுன் எடுத்துவைத்த பிடியரிசி, முதல் முட்டை, ஒரு கோழி, அறுப்பு முடிந்ததும் ஒரு மரக்கால் நெல்.

மறுபக்கத்தில் கடல்கடந்த கொடை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பெண் மருத்துவர் இன்றி மாண்டதைக் கண்ட ஐடா ஸ்கட்டர், பின்னர் மருத்துவராகத் திரும்பினார். 1902இல் வேலூரில் அவருக்கென எழுந்த மேரி டேபர் ஷெல் மருத்துவமனை, நியூயார்க் நகர வங்கியாளர் ஒருவர் தம் மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலரால் உருவானது. அக்கொடையால் உயிர் பெற்றோரின் எண்ணிக்கையை யார் கணக்கிட முடியும்? அதை நாம் நன்றியோடு நினைக்கிறோம். எனினும் சாவியைப் பற்றிய நம் கேள்வி இங்கும் எழுகிறது. மிஷனின் ஆண்டறிக்கைகள் ஆங்கிலத்தில் அச்சாகிக் கொடுத்தவர்களுக்குச் சென்றன. அது நேர்மையான முறை. பிடியரிசி கொடுத்தவளுக்கு அவள் மொழியில் அத்தகைய அறிக்கை உரியதென்ற எண்ணம் அக்காலத்தில் வேரூன்றவில்லை.

இதற்கு மாறான முயற்சிகளும் தமிழ் மண்ணில் தோன்றின. 1903இல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தங்கள் பணத்தாலும் தங்கள் ஆட்களாலும் தங்கள் நிர்வாகத்தாலும் இந்திய மிஷனெரிச் சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு நாட்டின் தோர்னக்கல்லுக்கு ஊழியரை அனுப்பினர். அதில் முன்னின்ற வே. ச. அசரியா, 1912இல் தோர்னக்கல்லின் பேராயராக அருட்பொழிவு பெற்றார். இந்தியருள் முதல் ஆங்கிலிக்கன் பேராயர் அவரே. கிறிஸ்தவக் கொடுத்தலைப் பற்றி அவர் எழுதிய நூல் பல நாடுகளில் வாசிக்கப்பட்டது. ஏழைச் சபையும் கொடுக்க வேண்டும், கொடுக்கவும் கூடும் என்பதை அவர் வலியுறுத்தினார். அது ஏழையை மதித்த போதனை. ஏனெனில், அங்கே கொடுத்தவர்களின் சங்கமே நிர்வாகத்தையும் ஏற்றது. கொடுத்தலும் சாவியும் ஒன்றாகச் சென்றன. பின்னாளில் நாம் அவரிடமிருந்து முதற் பாதியை எடுத்துக்கொண்டோம்.

1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபின் உக்கிராணத்தின் சாவி படிப்படியாக நம் கைக்கு வந்தது. இன்று நாம் மூவருக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர்கள். வெளிநாட்டுக் கொடையாளர் தணிக்கை செய்யப்பட்ட கணக்கைக் கேட்கின்றனர், கொடுக்கிறோம். 1976இல் முதலில் இயற்றப்பட்டு, 2010இல் புதிய சட்டமாக மாறிய வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் அரசு கணக்கைக் கேட்கிறது, கொடுக்கிறோம். மூன்றாமவள், சிற்றூர்ச் சபையில் பிடியரிசியும் சந்தாவும் கொடுப்பவள். அவள் கேட்பதில்லை. கேட்காததனாலேயே அவளுக்குக் கொடுப்பதும் அரிதாகிறது. குருசேகர ஆண்டுக் கூட்டத்தில் விரைந்து வாசிக்கப்படும் வரவுசெலவுத் தாள் அவளுக்கு விளங்கும் கணக்காகாது.

சந்தாவைக் குறித்தும் ஒரு சொல். சபை உறுப்பினர் சந்தா செலுத்துவது ஒழுங்குக்கு ஏற்றதே. ஆனால் பாக்கி வைத்தவர் பெயர் வாக்காளர் பட்டியலிலிருந்து விடுபடும்போதும், ஒரு வீட்டில் சாவு நேர்ந்த வேளையில் அடக்கத்திற்கு முன் பாக்கியைப் பற்றிப் பேச்சு எழும்போதும், கூலி கிடைக்காத ஆண்டில் ஓர் ஏழைக் குடும்பம் தன் திருச்சபையில் தன் குரலை இழக்கிறது. லூக்கா 16இல், அநீதியுள்ளவன் எனப்பட்ட உக்கிராணக்காரன்கூட நூறு கலம் கோதுமைக் கடனை எண்பதாகக் குறைத்து எழுதினான். நாமோ சில இடங்களில் அவனைவிடவும் கண்டிப்பானவர்களாக இருக்கிறோம்.

7. ஒரு மறுப்பும் விடையும்

நாம் கூறுவதற்கு ஒரு மறுப்பு எழக்கூடும். ஒன்று பேதுரு 4:10, வரம் பெற்ற ஒவ்வொருவரையும் நல்ல உக்கிராணக்காரர் என்கிறதே. அப்படியிருக்க அச்சொல்லைப் பொறுப்பிலுள்ளோருக்குமட்டும் உரியதாக்குவது எங்ஙனம்? மேலும், கணக்கு சரியாக இருந்தால்தான் கொடுப்பேன் என்று ஒவ்வொருவரும் நிபந்தனை விதித்தால், கொடுத்தல் கிருபையின் கனியாக இராமல் பேரமாகிவிடாதா?

முதற்பகுதி நியாயமானது. விசுவாசிகள் யாவரும் உக்கிராணக்காரரே. தம் ஊதியம், நேரம், நிலம் ஆகியவை தமக்கு உரியவை அல்ல என்று அறிவது ஒவ்வொருவரின் கடமை. நாம் மறுப்பது இந்த உண்மையை அன்று. அதன் வரிசையைத் தலைகீழாக்குவதையே. யாவருக்கும் பொதுவான கடமை, அதிகம் ஒப்புவிக்கப்பட்டவரிடம் அதிகமாகக் கேட்கப்படும் என்று லூக்கா 12:48 கூறுகிறது. தம் வீட்டு அரிசிப்பானையின்மேல் உக்கிராணக்காரியாக இருக்கும் பெண், அதில் ஒரு பிடியை எடுத்துத் தருவதால் தன் கடமையை நிறைவேற்றிவிட்டாள். அவள் தந்த கணமே அப்பிடியின் உக்கிராணத்துவம் நம்மிடம் வருகிறது.

இரண்டாம் பகுதியைப் பொறுத்தவரை, கொடுப்பவர் நிபந்தனை விதிக்கலாகாது என்பது உண்மை. ஆனால் அதைக் கூறும் தகுதி, கேளாமலே கணக்கு ஒப்புவிப்பவருக்கே உண்டு. பவுல் கொரிந்தியரிடம் அவ்வளவு தாராளமாகக் கேட்க முடிந்தமைக்குக் காரணம், குற்றம் கூற இடமில்லாத ஏற்பாட்டை அவர் முன்கூட்டியே செய்துவைத்ததுதான்.

முடிவுரை

இத்திறனாய்வின் பயனாக, இறையியல் மாணவர்களும் சபைகளில் பணியாற்றும் போதகர்களும் கருதத்தக்க சிலவற்றைக் கூறி நிறைவு செய்கிறோம்.

முதலாவது, மல்கியா 3ஐ எடுத்து அருளுரைக்கும் ஞாயிற்றுக்கு முந்திய ஞாயிற்றில் நெகேமியா 13 வாசிக்கப்படட்டும். அது சபை மன்றத்தாரையும் போதகரையும் நோக்கிய அருளுரையாக அமையட்டும். இரண்டாவது, அறுப்பின் பண்டிகையில் ஏலம் முடிந்து சேர்ந்த தொகையை அறிவிக்கும் அதே ஆராதனையில், சென்ற ஆண்டுத் தொகை எவ்வெவருக்குப் பயன்பட்டது என்பதும் எளிய தமிழில் அறிவிக்கப்படட்டும். மூன்றாவது, ஏழைகளுக்கென்று ஒரு பங்கு, கட்டடத்திற்கும் நிர்வாகத்திற்கும் ஒதுக்கிய பின்னர் மிஞ்சுவதாக அல்லாமல், முதலில் எடுத்துவைக்கப்படுவதாக இருக்கட்டும். நான்காவது, அப்பங்கைப் பகிர்வோருள் சிற்றூர்ச் சபையின் கூலித் தொழிலாளி ஒருவரும், பெண் ஒருவரும் இருக்கட்டும். பவுலுடன் சென்ற சகோதரர் சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்டவர் என்பதை நினைவிற்கொள்வோம். ஐந்தாவது, சந்தாப் பாக்கி ஒருவருடைய வாக்குக்கும் அடக்கத்துக்கும் தடையாகலாகாது என்பதைத் திருமண்டிலங்கள் விதியாகவே எழுதிவைக்கட்டும்.

இவை யாவும் நிறைவேறினால் சபைகளின் வருவாய் பெருகும் என்று நாம் வாக்களிக்க இயலாது; வருவாயைப் பெருக்கும் உபாயங்களாக இவற்றை முன்வைக்கவும் இல்லை. செஞ்சி வட்டாரத்தின் ஏதோ ஒரு சிற்றூரில், அடுத்த வேளைக்குப் போதுமா என்று பார்த்தபின்னும் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று தனியே எடுத்துவைக்கும் பெண் நம்மை நம்புகிறாள். அந்த அரிசி எங்கே போயிற்று என்று அவள் என்றேனும் கேட்டால், தயக்கமின்றி அவளிடம் சொல்லத்தக்க விடை நம்மிடம் இருக்க வேண்டும். அதன்பின்பே, கொடுங்கள் என்று நாம் பீடத்தில் நின்று அவளிடம் கூறலாம்.